லேசர் கட்டிங் புகை: எக்ஸாஸ்ட் ஃபேனா, டக்டா, டஸ்ட் கலெக்டரா?

கோவை கணபதியில் ஷெட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் மேஜை கொண்ட உலோகத் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் வாங்க முன்பணம் கட்டிவிட்டாராம். ஏற்கெனவே அவரிடம் அக்ரிலிக், எம்.டி.எஃப் (மரத்தூள் பலகை) வெட்டும் சின்ன சிஓ2 லேசர் மெஷின் ஒன்று மூலையில் ஓடுகிறது. "புகைக்கு என்னங்கண்ணா பண்றது? சுவத்துல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ரெண்டு மாட்டுனா போதாதுங்களா? மெஷின் விக்கறவரு, புகைய இழுத்து ஃபில்டர் பண்ற டஸ்ட் கலெக்டர்னு ஒன்னு சொல்றாரு. வேணும்னா அப்புறமா வாங்கிக்கலாம்னும் சொல்றாரு" என்றார். கொட்டேஷனை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். வாட்டேஜ், வேகம், கட்டிங் ஹெட் என்று பக்கம் பக்கமாக இருந்தது. புகையைப் பற்றி ஒரே வரி, அதுவும் 'ஆப்ஷனல்' என்ற தலைப்பின் கீழே.

அன்று அவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பட்டறைக்காரர்களுக்கும் உதவட்டும் என்று அதை விரிவாக எழுதுகிறேன். ஃபேன் பெரிதா, மோட்டார் எத்தனை எச்.பி. என்ற கேள்விகள் பிறகு வரட்டும். நான் அவரிடம் முதலில் கேட்டது, "மேஜை மேல என்னென்ன ஷீட் ஏத்துவீங்க?" என்றுதான்.

இப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு எங்கள் ஆபரேட்டர் ஒருவர் பட்ட கஷ்டத்தால் தெரிந்தது. சில வருடம் முன்பு எங்கள் பட்டறைக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட்டில் பேனல் வெட்டும் பெரிய ஆர்டர் வந்தது. காலையிலிருந்து இரவு வரை ஜி.ஐ.தான். ஒரு ஷட்டர் மட்டும் திறந்திருந்தது. அன்று ராத்திரி ஆபரேட்டர் தம்பிக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. இரும்பை நக்கிய மாதிரி வாயில் ஒரு சுவை என்றும் சொல்லியிருக்கிறார். டெங்குவோ என்று பயந்து ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, மறுநாள் தானாகவே சரியாகிவிட்டது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தார், அன்று ராத்திரி மறுபடி அதே காய்ச்சல். இரண்டாவது முறை பார்த்த டாக்டர் "என்னப்பா வேலை பாக்கற?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது.

துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கே 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். லேசர் கதிர் ஜி.ஐ. ஷீட்டில் பட்டதும் மேல்பூச்சில் உள்ள துத்தநாகம்தான் முதலில் காற்றில் கிளம்பி, வெள்ளைப் புகையாக, துத்தநாக ஆக்சைடாக மாறுகிறது. அதைச் சுவாசித்த சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் போய்விடும். தினமும் சுவாசித்தால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தால் பழக்கம் விட்டுப்போய் மறுபடி தாக்கும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்தது என் தப்பு.

துத்தநாகமாவது காய்ச்சலாக வந்து எச்சரிக்கிறது. மற்றவை அப்படி எச்சரிப்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

எந்த ஷீட், எந்தப் புகை

நாம் அதிகம் வெட்டும் 304 எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். லேசர் சூட்டில் இவை இரண்டும் புகையில் கலக்கின்றன. குரோமியத்தின் ஒரு பகுதி குரோமியம்-6 என்ற வடிவத்துக்கு மாறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, குரோமியம்-6ஐயும் நிக்கல் சேர்மங்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2017இல் வெல்டிங் புகையையும் அதே பிரிவில் சேர்த்தது. லேசர் கட்டிங்கும் வெல்டிங்கும் ஒன்றல்ல, ஆனால் உருகி ஆவியாவது அதே உலோகம்தான். அமெரிக்காவில் வேலையிடக் காற்றில் குரோமியம்-6க்கு 8 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கும் அளவு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு நுணுக்கமான ஒன்றைக் கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ அளக்க முடியாது.

எஸ்.எஸ். ஷீட்டின் மேல் ஒட்டி வரும் பாலிதீன் ஃபிலிமைப் பலரும் உரிக்காமலே வெட்டுகிறார்கள். சில ஷீட்டில் அது பி.வி.சி. ஃபிலிமாக இருக்கும். எது என்று சப்ளையரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பி.வி.சி. என்றால் உரித்துவிட்டு மேஜையில் ஏற்றுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எம்.எஸ். (சாதாரண இரும்புத் தகடு) இவற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, கொஞ்சம் மாங்கனீஸ். ஆனால் பிரைமர் அடித்தது, எண்ணெய் தடவியது, பழைய பெயின்ட் உள்ளது என்றால் அந்தப் பூச்சும் சேர்ந்து எரியும். அலுமினியப் புகையின் பெரிய ஆபத்து நெருப்பு, அதைக் கார்ட்ரிட்ஜ் டஸ்ட் கலெக்டர் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

சிஓ2 மெஷின் பக்கம் கதை வேறு. அக்ரிலிக்கை வெட்டும்போது அது மறுபடி தன் மூலப்பொருளான மீதைல் மெத்தாக்ரிலேட் ஆவியாகப் பிரிகிறது. பல் டாக்டர் கிளினிக்கில் வரும் காரமான வாடை மாதிரி இருக்கும். கண், மூக்கு எரியும், சிலருக்குத் தோலில் அலர்ஜி வரும், இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். பூஜை அறைக் கதவுக்கு ஜாலி வெட்டும் எம்.டி.எஃப்பில் மரத்தூளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். அது கருகும்போது ஃபார்மால்டிஹைடு வரும், அதுவும் புற்றுநோய்ப் பட்டியலின் முதல் பிரிவில் இருப்பது. பாலிகார்பனேட் வெட்டினால் விளிம்பு கருகி மஞ்சளாகும், புகையில் பென்சீனும் வரலாம். அதை லேசரில் வெட்டாமல், சுழலும் பிட்டால் வெட்டும் ரூட்டர் மெஷினில் வெட்டுவது நல்லது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வெட்டும் பட்டறைகளில் குரோம் பதனிட்ட தோலும் இதே மெஷினுக்குத்தான் வருகிறது. அந்தத் தோலில் இருக்கும் குரோமியம் சாதாரணமாகத் தீங்கு குறைந்த வடிவம்தான், சூட்டில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறக்கூடும்.

பி.வி.சி.க்கு மட்டும் நான் எந்த வழியும் சொல்லப் போவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், அது ஈரத்தில் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரையீரலும் ஈரம்தான். மெஷினின் ரெயில், கண்ணாடி, லென்ஸ் எல்லாம் அரித்துப் பாழாகும். நேம்போர்டு வேலைக்கு வரும் சன்போர்டு பெரும்பாலும் பி.வி.சி. ஃபோம்தான், ஃபிளெக்ஸும் அப்படியே, ரெக்சினிலும் நிறைய பி.வி.சி. "சின்னப் பீஸ்தாண்ணா, ஒரே ஒரு எழுத்து" என்று கஸ்டமர் கெஞ்சுவார். எவ்வளவு பெரிய ஃபில்டர் வைத்திருந்தாலும் முடியாது என்றே சொல்லுங்கள். சந்தேகமான ஷீட் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. தடித்த செம்புக் கம்பியை வெளியில் வைத்து நன்றாகச் சூடாக்கி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, மேஜையில் ஏற்றாதீர்கள். கம்பியைக் கையால் பிடிக்காமல் கட்டையில் செருகிக்கொள்ளுங்கள், காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள்.

சுவற்றில் எக்ஸாஸ்ட் ஃபேன்

எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான், விலை குறைவு என்பதால். இது பட்டறைக் காற்றை மாற்றும், ஆனால் புகையைப் பிடிக்காது. மேஜையில் கிளம்பும் புகை பத்து பதினைந்து அடி தள்ளி இருக்கும் ஃபேனுக்குப் போகும் வழியில் ஆபரேட்டரின் மூக்கைத் தாண்டித்தான் போகிறது. போகும்போது ஷெட் முழுக்கக் கலந்தும் விடுகிறது. ஃபேனை மாட்டிய பிறகு புகை தெரியவில்லை என்பார்கள். தெரியாததற்குக் காரணம் அது நீர்த்துப் போனதுதான்.

வாயால் ஊதினால் அகல் விளக்கு அணையும், வாயால் உறிஞ்சி அணைக்க முடியுமா என்று நண்பரிடம் கேட்டேன். ஊதும் காற்று நெடுந்தூரம் போகும். உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் வேகம் சட்டென்று செத்துவிடும். 6 அங்குலக் குழாயின் வாயில் இருக்கும் வேகம், 6 அங்குலம் தள்ளி வந்தால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால் உறிஞ்சும் வாய் புகை கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் முக்கியம், மோட்டார் பிறகு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவும் உறிஞ்சும் அமைப்பு புகை உண்டாகும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூட வேண்டும் என்றே சொன்னது.

சுவர் ஃபேன் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே சூடு குறையும், தப்பித்த கொஞ்சப் புகை வெளியேறும். மற்ற ஏற்பாட்டோடு துணைக்கு வைக்கலாம். அதை மட்டும் நம்பி எஸ்.எஸ். வெட்டக் கூடாது.

புளோயர், டக்ட், கூரைக்கு மேல் குழாய்

சிஓ2 மெஷின் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, வெளிச்சுவரோ கூரையோ கையில் இருந்தால், என் முதல் தேர்வு இது. அக்ரிலிக், எம்.டி.எஃப் புகையில் பாதிக்கு மேல் தொல்லை வாயுவால்தான். துகள் ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாயு அதன் வழியே போய்விடும். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் பிரச்சினை இல்லாமல் நேராக வெளியே தள்ளிவிடுவது எளிது, மாதச் செலவும் குறைவு.

ஆனால் அரைகுறையாகச் செய்யப்படுவதும் இதுதான். மெஷினோடு இலவசமாக வரும் குட்டி ஃபேனையும் வளைந்து நெளிந்த 15 அடி ஃபிளெக்சிபிள் பைப்பையும் ஜன்னலுக்கு வெளியே விட்டு முடித்துவிடுகிறார்கள். இறக்கை ஃபேனால் நீளமான டக்ட் (தகரக் காற்றுக் குழாய்) வழியே இழுக்க முடியாது, அதற்கு சென்ட்ரிஃபியூகல் புளோயர் வேண்டும். ஃபிளெக்சிபிள் பைப்பின் சுருக்கங்கள் காற்றை நிறுத்தும், மடிப்பில் பிசின் படியும், படிந்த பிசின் ஒரு நாள் தீப்பிடிக்கும். ஜி.ஐ. டக்ட் போடுங்கள், மெஷின் பக்கம் ஓரடி மட்டும் ஃபிளெக்சிபிள் இருக்கட்டும். சதுரமாக மடங்கும் எல்போ வேண்டாம், நிதானமாக வளையும் பெண்டு போடுங்கள். புளோயரை டக்ட்டின் கடைசியில், கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். அப்போது உள்ளே உள்ள டக்ட் முழுவதும் இழுவையில் இருக்கும், எங்காவது ஓட்டை இருந்தாலும் புகை உள்ளே வராது.

வெளியே விடும் குழாயைக் கூரைக்கு மேல் குறைந்தது 10 அடியாவது உயர்த்துங்கள். மழைக்குத் தொப்பி போடுவது நம் ஊர் வழக்கம். அது புகையைக் கூரைக்கே திருப்பி அனுப்பும், காற்று அதை ஜன்னல் வழியே மறுபடி உள்ளே கொண்டுவரும். தொப்பிக்குப் பதில், குழாயைச் சுற்றிக் கொஞ்சம் அகலமான இன்னொரு குழாய் செருகி மழை நீர் வெளிப்பக்கமாக வடியும்படி செய்யலாம், ஷீட் மெட்டல் ஆட்களுக்குத் தெரியும். பக்கத்தில் வீடு, பள்ளிக்கூடம் இருந்தால் நேராக வெளியே விடுவது அவர்கள் தலையில் கொட்டுவது. நம் ஆபரேட்டரின் நுரையீரலைக் காப்பாற்றிப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்கு அனுப்பக் கூடாது. அங்கே வாயுவையும் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

இன்னொன்று, வெளியே போகும் காற்றுக்குச் சமமாக உள்ளே காற்று வர வழி வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு புளோயரைப் போட்டால் அது சுற்றும், இழுக்காது. ஏ.சி. அறையில் மெஷின் வைத்திருப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குளிர் போய்விடுகிறது என்று எக்ஸாஸ்டை அணைத்துவிடுவார்கள். ஏ.சி. அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. மெஷினுக்கு வெளியிலிருந்தே காற்று எடுக்க ஒரு தனி வாய் வைத்துவிட்டால் இந்தப் போராட்டம் இருக்காது.

கார்ட்ரிட்ஜ் டஸ்ட் கலெக்டர்

எஸ்.எஸ்., ஜி.ஐ. வெட்டும் ஃபைபர் லேசருக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். நண்பருக்கும் 'ஆப்ஷனல்' வரியை அடித்துவிட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

உலோகப் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மூக்கு, தொண்டை எதுவும் இவ்வளவு சின்னதைத் தடுக்காது, நேராக நுரையீரலின் அடிக்குப் போகும். சாதாரணத் துணிப்பை ஃபில்டரும், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோனும் கனமான தூளைப் பிடிக்கும், இதை விட்டுவிடும். கார்ட்ரிட்ஜில் மடித்து மடித்து வைத்த ஃபில்டர் தாள் இருக்கும். அதன் மேல் மெல்லிய நானோ இழைப் பூச்சு உள்ளதைக் கேளுங்கள், தூள் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். கம்ப்ரசர் காற்றைச் சட்டென்று எதிர்ப்பக்கம் அடித்தால் தூள் உதிர்ந்து கீழே டிரம்மில் விழும். இந்த அடிக்கு எண்ணெயும் தண்ணீரும் கலக்காத காற்று வேண்டும். ஈரக் காற்று அடித்தால் தூள் சேறாகி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், பலர் "ஃபில்டர் சரியில்லை" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு பெரிய கலெக்டர் என்பது மேஜையைப் பொறுத்தது, லேசரின் கிலோவாட்டைப் பொறுத்து மட்டும் இல்லை. நண்பரின் மேஜை 4.5 சதுர மீட்டர். மேஜை முழுவதும் கீழ்நோக்கி வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும் என்றால் மணிக்கு 8,100 கன மீட்டர் காற்று, கிட்டத்தட்ட 4,800 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). அதே மேஜையை அடியில் ஐந்து பகுதியாகத் தடுத்து, கட்டிங் ஹெட் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியின் டேம்பர் (காற்று வழியை மூடித் திறக்கும் தட்டு) மட்டும் திறக்கும்படி செய்தால் மணிக்கு 1,620 கன மீட்டர் போதும், சுமார் 950 சி.எஃப்.எம். இது வெறும் கணக்கு. ஓட்டை, ஃபில்டர் அடைப்பு, பகுதி மாறும்போது இரண்டு டேம்பர் சேர்ந்து திறப்பது எல்லாவற்றுக்கும் தாராளமாக மேலே சேர்க்க வேண்டும். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் முழுச் சுமையில் ஓடினால் குறைந்தது 770 யூனிட். அதைவிடப் பெரிய மோட்டார் போட்டால் எத்தனை யூனிட் கூடும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். மெஷின் வாங்கும்போதே மேஜையில் தடுப்பும் டேம்பரும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு சேர்ப்பது மேஜையைப் பிரித்துப் போடும் வேலை. மூடிய கேபின் உள்ள மெஷின் என்றால் இன்னும் நல்லது. புகையும் அடங்கும், கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிரும் வெளியே வராது. வெட்டி முடித்ததும் கலெக்டரை ஒரு நிமிடம் ஓடவிட்டு அப்புறம் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

தீப்பொறி ஃபில்டருக்குப் போகாமல் இருக்க நடுவில் ஸ்பார்க் அரெஸ்டர் வேண்டும். அலுமினியம் வெட்டுபவர்கள் இங்கே ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் கலந்து நின்றால் வெடிக்கும். இரும்பு ஆக்சைடோடு கலந்தால் தண்டவாளத்தை ஒட்ட வைக்கும் தெர்மிட் கலவை அதுதான். காலையில் எம்.எஸ்., மதியம் அலுமினியம் என்று ஒரே டிரம்மில் சேர்க்காதீர்கள். அலுமினியம் எப்போதாவது ஒரு ஷீட் என்றால் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிடுவது உத்தமம். தினசரி என்றால் அதற்கென்றே வடிவமைத்த தனிக் கலெக்டர் வேண்டும்.

ஃபில்டர் வழியே வந்த காற்றை உள்ளேயே விடலாமா? கலெக்டர் விற்பவர்கள் விடலாம் என்பார்கள். எஸ்.எஸ். வெட்டும் இடத்தில் நான் அதை ஏற்க மாட்டேன். ஒரு கார்ட்ரிட்ஜ் கிழிந்தாலோ கேஸ்கட் நழுவினாலோ யாருக்கும் தெரியாமல் நாள்கணக்கில் குரோமியம் பட்டறைக்குள் திரும்பும். வெளியே குழாய் விடுங்கள்.

உள்ளேயே சுத்தம் செய்யும் பெட்டி

காம்ப்ளெக்ஸில் முதல் மாடி, வாடகைக் கடை, சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார். இப்படி இருப்பவர்களுக்குச் சக்கரம் வைத்த ஃபில்டர் பெட்டி ஒன்றுதான் வழி. முன்னால் ஒரு முரட்டு ஃபில்டர், அப்புறம் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர், கடைசியில் வாயுவைப் பிடிக்கும் கரி. எச்13 தரத்து ஹெப்பா, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளிலேயே 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும். சந்தேகமெல்லாம் கரியில்தான்.

ஒரு கிலோ கரி இவ்வளவு ஆவியைத்தான் பிடிக்கும் என்று ஒரு எல்லை உண்டு. நிறைந்த பிறகு அது சும்மா இருக்கும், சூடானால் பிடித்ததையும் விட்டுவிடும். விலை குறைந்த பெட்டிகளில் கரி ஒரு மெல்லிய ஸ்பாஞ்சாக இருக்கும். எத்தனை கிலோ கரி என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். சாதாரணக் கரி ஃபார்மால்டிஹைடைச் சரியாகப் பிடிக்காது, அதற்கு பெர்மாங்கனேட் ஏற்றிய தனி ஊடகம் வேண்டும். ஆக நாள் முழுக்க எம்.டி.எஃப் வெட்டும் கடைக்கு இது ஒத்துவராது. கல்யாணப் பத்திரிகைக் காகிதம், துணி, எப்போதாவது அக்ரிலிக் என்றால் பரவாயில்லை. வாங்கும் விலையோடு ஒரு வருட ஃபில்டர் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பலருக்கு அந்தக் கூட்டலைப் பார்த்ததும் ஓனரிடம் ஓட்டைக்குப் பேசத் தைரியம் வந்துவிடுகிறது.

தண்ணீரும் மாஸ்க்கும்

தண்ணீர் தெளித்துப் பிடிக்கும் ஸ்கிரப்பர் விற்பவர்களும் வருவார்கள். ஒரு மைக்ரானுக்குக் கீழான துகளைத் தண்ணீரால் பிடிக்க அதிக அழுத்தம் வேண்டும், அதாவது அதிகக் கரண்ட். குரோமியம் கலந்த சேற்றைச் சாக்கடையில் விடவும் முடியாது. ஈர அலுமினியத் தூள் ஹைட்ரஜனை வெளிவிடும். சின்னப் பட்டறைக்கு வேண்டாம்.

மாஸ்க் கடைசி வேலி. அதை மட்டும் கொடுத்துவிட்டுப் புகையை அப்படியே விடுவது, கோவை வெயிலில் தகர ஷெட்டுக்குள் 8 மணி நேரம் ஒரு மனிதனை மூச்சைக் கட்டி வேலை செய் என்று சொல்வது. அரை மணியில் மூக்குக்குக் கீழே இறங்கிவிடும், அவர்மேல் குற்றமில்லை. டஸ்ட் டிரம் மாற்றும்போது, ஃபில்டர் கழற்றும்போது, மேஜை துடைக்கும்போது கட்டாயம் வேண்டும். அதற்கு ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 அல்லது எஃப்.எஃப்.பி.3 வாங்குங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். இவை துகளுக்குத்தான், அக்ரிலிக் ஆவிக்கு உதவாது.

துடைக்கும் நேரம்

புகை வெளியேறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் நான் பார்த்த பட்டறைகளில் மோசமான நேரம் சாயங்காலம் ஆறு மணி. அன்றைய வேலை முடிந்து, ஆபரேட்டர் ஏர் கன்னை எடுத்து மேஜையையும் ஷீட்டைத் தாங்கும் பட்டைகளையும் தன் சட்டையையும் ஊதுவார். நாள் முழுக்க கலெக்டர் கஷ்டப்பட்டுப் பிடித்ததை ஒரு நிமிடத்தில் காற்றில் எழுப்பிவிடுவது இது. டியூப் லைட் மேல் படிந்திருக்கும் பழுப்புத் தூசியை விரலால் தொட்டுப் பாருங்கள், அது எப்படி அங்கே போனது என்று தெரியும். ஏர் கன்னை மேஜைப் பக்கமிருந்து எடுத்துவிட்டு, ஹெப்பா உள்ள தொழிற்சாலை வாக்யூம் ஒன்று வாங்குங்கள். வீட்டு வாக்யூம் நுண்தூளைப் பின்பக்கமாக வெளியே துப்பும். அதே மேஜை ஓரத்தில் டிபன் பாக்ஸ் திறக்கும் வழக்கத்தையும் மாற்ற வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, தள்ளி ஓர் இடத்தில் சாப்பிட பெஞ்ச் போட்டுக்கொடுக்க பெரிய செலவில்லை. வேலைச் சட்டை பட்டறையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனால் அதைத் துவைப்பவருக்கும், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைக்கும் அந்தத் தூள் போகிறது.

வருடத்துக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொல்லுங்கள். நுரையீரல் பலத்தை ஊதிப் பார்க்கும் சின்னச் சோதனைதான். புதிதாகச் சேரும் நாளிலேயே ஒன்று எடுத்து வைத்தால்தான் பிறகு குறைகிறதா என்று ஒப்பிட முடியும்.

நண்பருக்கு என்ன முடிவானது

அவர் வெட்டப்போவது பெரும்பாலும் எஸ்.எஸ்., மீதி ஜி.ஐ.யும் எம்.எஸ்.ஸும். ஃபைபர் மெஷினுக்குப் பகுதி பிரித்த மேஜை, ஸ்பார்க் அரெஸ்டரோடு கார்ட்ரிட்ஜ் கலெக்டர், கூரைக்கு மேல் குழாய். கலெக்டர் ஓடாமல் லேசர் ஓடாதபடி இன்டர்லாக் ஒன்றும் கேட்டு வாங்கினார். சிஓ2 மெஷினுக்குத் தனி புளோயர், தனி டக்ட். இரண்டையும் ஒரே டக்டில் சேர்க்கலாமே, செலவு மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தீப்பொறி வரும் வழியில் அக்ரிலிக் ஆவியையும் எம்.டி.எஃப் பிசினையும் விடுவது நெருப்புக்கு விருந்து வைப்பது என்று சொல்லித் தடுத்தேன். அலுமினியம் வந்தால் வெளியே அனுப்புவது, சன்போர்டு வந்தால் திருப்பி அனுப்புவது. சுவர் ஃபேன் ஒன்று, சூட்டுக்காக. பணம் இடித்தது உண்மைதான். லேசரின் வாட்டேஜை ஒரு படி குறைத்துச் சமாளித்தார். அவர் வெட்டுவது பெரும்பாலும் 3 மி.மீ.க்குள், அதனால் அந்தக் குறை அவருக்குத் தெரியவே போவதில்லை.

கொட்டேஷனில் அவர் எழுதி வாங்கியவை இவை: ஃபில்டர் பாதி அடைத்த நிலையில் எத்தனை சி.எஃப்.எம்., புதிய கார்ட்ரிட்ஜ் விலை எவ்வளவு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜ் உண்டா, டிரம்மைத் தூள் பறக்காமல் எப்படி மாற்றுவது. சுத்தமான ஃபில்டரில் எடுத்த சி.எஃப்.எம். எண்ணை மட்டும் காட்டினால் அதை நம்ப வேண்டாம்.

மெஷின் நிறுவிய அன்று நானும் போயிருந்தேன். லேசரைப் போடாமல் கலெக்டரை மட்டும் ஓடவிட்டு, ஊதுவத்தி கொளுத்தி மேஜையின் ஒவ்வொரு பகுதியிலும் ஷீட் மட்டத்தில் பிடித்துப் பார்த்தோம். நான்கு பகுதியில் புகை சரசரவென்று கீழே இறங்கியது. கடைசிப் பகுதியில், சரியாக ஆபரேட்டர் நிற்கும் பக்கம், அது நேராக மேலே எழுந்தது. டேம்பரைத் திறக்கும் சிலிண்டருக்குப் போகும் காற்று டியூப் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்து, இந்த முறை பெரிய ஷீட் ஒன்றை ஏற்றிவைத்து மறுபடி ஊதுவத்தியைப் பிடித்தோம். இப்போது அங்கேயும் புகை கீழே போனது. மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்து சுவரில் தொங்கும் நோட்டில் தேதி எழுதும் வேலையை அங்கே மெஷின் ஓட்டும் தம்பியே கேட்டு வாங்கிக்கொண்டார்.